எல்லாப் பரிசோதனையும் சரி, ஆனாலும் பெண் குதிரை சினை பிடிக்கவில்லை: என்ன செய்யலாம்?

குதிரை ஒழுங்காகப் பருவத்துக்கு வருகிறது. ஸ்கேனில் கருப்பை நன்றாக இருக்கிறது, கிருமித்தொற்று இல்லை, பொலிக்குதிரையிடமும் குறையில்லை. அப்படியும் சினை நிற்கவில்லை என்றால், அதைத்தான் காரணம் தெரியாத மலட்டுத்தன்மை என்கிறார்கள்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது கருக்குழாயை. முட்டையும் விந்தணுவும் சேர்வது அங்கேதான், ஆனால் வழக்கமான ஸ்கேனில் அது தெரியாது. தொட்டியில் நீர் இருந்தும் நடுக்குழாயில் கசடு அடைத்தால் நீர் வராதே, அதுபோல. குதிரையிடம் ஓர் அதிசயம் உண்டு: கருவாகாத முட்டைகள் பெரும்பாலும் குழாயிலேயே தங்கிவிடும். கரு மட்டும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்தி, ஏறக்குறைய 6 நாளில் கருப்பைக்கு வந்து சேரும்.

சிகிச்சையும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. முழு மயக்கம் தராமல் அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்து, குதிரை நின்றபடியே இருக்க, விலாப்பக்கம் சிறு துளையிட்டு, கேமராவில் பார்த்தபடி அந்தப் பொருள் கலந்த ஜெல்லைக் கருக்குழாயின் மேல் தடவுவார்கள். துளையிடாமல், அதே வகையைச் சேர்ந்த மிசோபுரோஸ்டால் மருந்தைக் கருப்பைக்கொம்பின் (கருக்குழாயோடு சேரும் கருப்பைக் கிளையின்) நுனியில் வைக்கும் முறையும் உண்டு. இந்த மருந்துகளைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பல பருவங்களாகச் சினை பிடிக்காத குதிரைகள் இப்படிச் சினையானதுண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் பலிக்காது. அதனால் அதற்கு முன்பே கருப்பைச் சவ்வில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது நல்லது. மேலோட்டமான சோதனையில் சிக்காத தொற்றும் தழும்பும் அதில்தான் தெரியும்.

பருவம் தவறாமல் வருவதாலேயே குழாய் திறந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பருவம் வருவது சூலகத்தின் வேலை, குழாய் அடைத்திருந்தாலும் அது வரும்.