இதயம் சுரக்கும் ஹார்மோனும் உப்பின் அளவும்

கேள்வி: எனக்கு 10 ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் உள்ளது. இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து, மிகுதியான உப்பைச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடும் என்று அண்மையில் படித்தேன். அப்படியென்றால் நான் உப்பைக் குறைக்கத்தான் வேண்டுமா?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அதை நம்பி உப்பைக் கூட்டிவிடாதீர்கள். 1981-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்டும் அவருடைய குழுவினரும், எலியின் இதய மேலறைத் திசுவிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள். சில நிமிடங்களிலேயே அந்த எலிகளின் சிறுநீரில் சோடியம் பன்மடங்கு பெருகியது. ரத்த அழுத்தமும் இறங்கியது. ரத்தத்தை இறைக்கும் உறுப்பாக மட்டுமே கருதப்பட்ட இதயம் ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட என்பதை அந்த ஆய்வு நிலைநாட்டியது. அந்த ஹார்மோனைத்தான் இன்று ஏ.என்.பி. என்கிறோம்.

உப்பு மிகும்போது உடல் அதற்கு ஏற்ற நீரையும் தேக்கிக்கொள்கிறது. அதனால் ரத்தத்தின் கன அளவு கூடி, மேலறையின் சுவர் இழுபடுகிறது. அந்த இழுவைதான் ஏ.என்.பி. சுரப்பதற்கான தூண்டுதல். அது சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தைக் கூட்டி, சோடியம் மீண்டும் உறிஞ்சப்படுவதைக் குறைத்து, உப்பைத் தேக்கிவைக்கும் ரெனின், ஆல்டோஸ்டீரோன் ஆகியவற்றை அடக்கி, ரத்தக் குழாய்களையும் தளர்த்துகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சுவர் இழுபட்ட பிறகே இந்த ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. ஏரி நிரம்பிய பிறகு கலங்கல் வழியே நீர் வழிவதைப் போன்ற ஏற்பாடு இது. வழிந்தோட இடம் இருக்கிறது என்பதற்காக ஏரிக்குள் மேலும் மேலும் நீரை விட்டால், பாரத்தைத் தாங்குவது கரைதான்.

அந்தக் கலங்கலும் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் அமைவதில்லை. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏ.என்.பி.க்கான மரபணுவின் வழக்கமான இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டுமே இருந்த எலிகளுக்கு, வழக்கமான உணவில் ரத்த அழுத்தம் இயல்பாகவே இருந்தது. உப்பு மிகுந்த உணவைக் கொடுத்தபோதுதான் அது உயர்ந்தது. மனிதர்களிலும், இந்த ஹார்மோனின் அளவைச் சற்றே கூட்டும் மரபணு வேறுபாடுகள் உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் சற்றே குறைவாக இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. உடல் பருமன் உள்ளவர்களின் ரத்தத்திலோ இதன் அளவு பொதுவாகக் குறைவு. உயர் ரத்த அழுத்தம் உள்ளவரின் சிறுநீரகம், அதே அளவு உப்பை வெளியேற்றுவதற்கே கூடுதல் அழுத்தத்தை வேண்டி நிற்கிறது. ஆகவே ஹார்மோன் போதிய அளவு சுரந்தாலும், அதன் வேலை பாதியில் நின்றுவிடக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2 கிராமுக்கும் குறைவான சோடியம். சமையலில் நாம் இடும் உப்போடு, பதப்படுத்திய உணவுகளில் மறைந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும். உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்த மாத்திரைகள் பலவும் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பதை நோயாளிகளிடம் நான் அழுத்திச் சொல்வதுண்டு.

கேள்வி: என் ரத்தப் பரிசோதனையில் பி.என்.பி. அதிகம் என்று வந்திருக்கிறது. இதுவும் இதய ஹார்மோன்தானே, அதிகம் இருப்பது நல்லதல்லவா?

பதில்: அப்படி எண்ண வேண்டாம். பி.என்.பி. பெரும்பாலும் கீழறையிலிருந்து வருவது. கீழறை சுமை தாங்காமல் இழுபடும்போது அது உயர்கிறது. மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ இருந்தால், இதயச் செயலிழப்பு உள்ளதா என்று உடனே பார்க்க வேண்டும். முதுமையிலும் சிறுநீரக நோயிலும் இந்த அளவு கூடும் என்பதால், அறிக்கையின் எண்ணை மட்டும் பார்த்து அஞ்சாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இந்த ஹார்மோனையே மாத்திரையாகத் தர முடியாதா?

பதில்: இது புரத வகையைச் சேர்ந்தது, விழுங்கினால் குடலில் செரித்துவிடும். ரத்தத்திலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுக்கும் சாக்குபிட்ரில் என்ற மருந்து, வல்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்துடன் சேர்த்து இதயச் செயலிழப்புக்கு இப்போது தரப்படுகிறது. அதை உட்கொள்பவருக்கும் உப்புக் கட்டுப்பாடு உண்டு.

கேள்வி: பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு நல்லதா?

பதில்: பலருக்கு நல்லது, ரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் செய்யும். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களும் தாமாக அதைத் தொடங்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறிக் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். முதலில் பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொண்டு, மருத்துவரைக் கேட்ட பிறகு தொடங்குங்கள்.