அந்தப் பாட்டில் அரசியல் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

சில நாட்களாகத் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவின் ஜூலு பாடல்களை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மொழி தெரியாமலேயே கண் கலங்குகிறது. ஆனால் பொருள் தேடிப் படித்தால் பக்தி, காதல், ஊர் நினைவு, அவ்வளவுதான். நிறவெறியை எதிர்த்து ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. இதைப் போராட்ட இசை என்று எப்படிச் சொல்கிறார்கள்? பாட்டு அங்கே எதையாவது சாதித்ததா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தக் குழுவை ஊரறியச் செய்ததில் அரசு வானொலியின் ஜூலு ஒலிபரப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கறுப்பின மக்களை ஜூலு, கோசா, சோத்தோ என்று தனித்தனியாகப் பிரித்து வைப்பது நிறவெறி அரசின் திட்டம், அவரவர் மொழியில் அவரவர் பாட்டு என்று வானொலி கொடுத்ததும் அதற்குத் தோதாகத்தான். அதனால் ஜூலு சேர்ந்திசை எல்லாமே போராட்ட இசை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

போராட்டப் பாடல்கள் வேறு. தேவாலயத்தில் சின்ன வயதிலேயே நான்கு குரல் பிரித்துப் பாடிப் பழகியவர்கள் அவற்றைப் பாடிய மக்கள். ஒருவர் ஒரு வரியை எடுத்துக்கொடுத்தால் போதும், ஆயிரம் பேர் ஒத்திகையே இல்லாமல் பிடித்துக்கொள்வார்கள். வாத்தியம் வேண்டாம், தாள் வேண்டாம், போலீஸ் பறிமுதல் செய்ய எதுவுமே இருக்காது. 1980களில் கூட்டம் போடத் தடை வந்தபோது சாவு ஊர்வலங்களே அரசியல் கூட்டங்களாயின, அங்கே 'நாங்கள் என்ன செய்தோம்?' என்று கேட்கும் 'சென்சேனி நா' திரும்பத் திரும்ப ஒலித்தது. போர்ட் எலிசபெத்தின் தொழிற்சங்கக்காரர் வுயிசிலே மினி, 'ஃபெர்வுர்ட், பார்த்துக்கொள்' என்று பிரதமரையே எச்சரித்துப் பாட்டுக் கட்டியவர். 1964 நவம்பரில் பிரிட்டோரியா சிறையில் தூக்குமேடைக்குப் பாடிக்கொண்டேதான் போனார். அவர் பாடியது கோசா மொழியில், ஆனால் ஜூலுவும் கோசாவும் ஒன்றுக்கொன்று புரிகிற அளவுக்கு நெருக்கம் என்பதால் பாட்டு எல்லை பார்க்கவில்லை. வானொலி பிரித்ததைத் தெருவில் பாட்டு சேர்த்துவிட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சாதித்ததா என்றால், வேலைநிறுத்தங்களும் பொருளாதாரத் தடையும் செய்ததைப் பாட்டு செய்திருக்க முடியாது. ஆனால் துப்பாக்கிக்கு எதிரே நிற்கிற கூட்டம் கலைந்து ஓடாமல் இருக்க வேண்டுமே, அடுத்த நாளும் வர வேண்டுமே, அந்த வேலையைப் பாட்டு செய்தது. என்னைப் பொறுத்தவரை அது சின்ன விஷயம் இல்லை.

சரி, உங்கள் மம்பாசோவுக்கு வருவோம். அவர்கள் பாடும் வகைக்கு இசிகதமியா என்று பெயர், நுனிக்காலில் மெல்ல நடப்பதிலிருந்து வந்த சொல். 1913 நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு விட்டுவைத்தது நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதம். (அதைப் பற்றி அப்போதே ரூபன் கலுசா ஒரு சேர்ந்திசைப் பாட்டு எழுதினார், ஓலாங்கே பள்ளிப் பாடகர் குழு அதைப் பாடியது.) நிலம் போன பிறகு ஆண்கள் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போய் தொழிலாளர் விடுதிகளில் அடைந்தார்கள். மனைவியையோ பிள்ளைகளையோ கூட வைத்துக்கொள்ள முடியாது. சனிக்கிழமை இரவுகளில் அங்கேதான் இந்தப் பாட்டுப் போட்டிகள் விடிய விடிய நடந்தன, காவலாளிகள் காதில் விழாமலிருக்கத்தான் பூனைபோல் அடியெடுத்து ஆடினார்கள் என்று சொல்வதுண்டு.

நீங்கள் வரிகளில் அரசியலைத் தேடினீர்கள். இன்று இரவு வரிகளை விட்டுவிட்டுக் குரல்களை மட்டும் கேளுங்கள். தலைமைக் குரல் ஒன்று, மேலே ஒன்றிரண்டு, மீதி எல்லாரும் அடிக்குரல். பெண்கள் பாட வேண்டிய உயரத்தில் பாடுவதும் ஓர் ஆண்தான். பெண்கள் அந்த விடுதிக்குள் இருக்க முடியவில்லை.