ஸ்டீவ் இர்வின் மாதிரி ஆட்கள் தெரிந்தே ஏன் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்?

எந்த மனநிலையில் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அந்த ஆஸ்திரேலியாக்காரர் டிவியில் முதலையின் முதுகில் பாய்ந்து உட்காரும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ‘பெண்டாட்டி பிள்ளை இருக்கிற மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா’ என்று தோன்றியிருக்கும். என் மனைவி 12 வருடமாக என்னிடம் இதையேதான் கேட்கிறாள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

செங்கல்பட்டுப் பக்கம் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போய்ப் பிடித்து, அவர்கள் சொல்லும் இடத்தில் விட்டுவிட்டு வருவேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. ‘நீயும் விளம்பரத்துக்குத்தானே செய்கிறாய்’ என்று கேட்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதையும் மறைக்காமல் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதலில் இர்வின். டிவிக்காக முதலையிடம் போனவர் இல்லை அவர். 1970ல் அவருடைய அப்பாவும் அம்மாவும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு ஊர்வன பூங்கா தொடங்கினார்கள். 6வது பிறந்தநாளுக்கு வீட்டில் கொடுத்த பரிசு ஒரு மலைப்பாம்பு. 9 வயதில் அப்பா பக்கத்தில் இருக்க முதல் முதலையைப் பிடித்தார். தோலுக்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளப்பட்ட உவர்நீர் முதலைக்கு அந்த மாநிலத்தில் 1974ல்தான் சட்டப் பாதுகாப்பு வந்தது. அதன் பிறகு ஆள் நடமாட்டம் உள்ள ஆறுகளில் திரியும் முதலையை யாராவது உயிரோடு பிடித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் எவனாவது சுட்டுவிடுவான். 1980களில் அரசுத் திட்டத்தில் தொண்டராகச் சேர்ந்து வடக்கே சதுப்புக் காட்டில் மாதக்கணக்கில் தங்கி அந்த வேலையைத்தான் செய்தார். 1992ல் கல்யாணமான கையோடு முதலை பிடிக்கப் போனதைப் படம் எடுத்தார்கள். அதிலிருந்துதான் டிவி தொடர் பிறந்தது. ஆபத்து அவருக்கு வேலையோடு வந்தது, கேமரா அதற்குப் பிறகுதான் வந்தது. இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 2004 ஜனவரியில் ஒரு மாதக் கைக்குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் முதலைக்குக் கறி கொடுத்தாரே, அதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் சாவை வைத்து ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. 2006 செப்டம்பர் 4. பேட் ரீஃப் என்ற பவளத்திட்டு. அன்றைக்கு வானிலை சரியில்லை, எடுக்க வேண்டிய படப்பிடிப்பு நின்றுவிட்டது. சும்மா இருக்கும் நேரத்தில் மகளுடைய டிவி நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் எடுக்கலாம் என்று நெஞ்சளவு தண்ணீரில் ஒரு பெரிய திருக்கை பின்னால் போனார். அது வாலை வீசியது, முள் நெஞ்சில் இறங்கியது. அவருக்கு வயது 44. வலைக்குள் திருக்கை வந்தால் நம் மீனவர்கள் முதலில் பார்ப்பது வாலைத்தான், ஆனாலும் அது ஆளைத் தேடி வந்து குத்துகிற ஜாதி இல்லை. அவர் செத்த சில நாளில் குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் வால் வெட்டப்பட்ட திருக்கைகள் செத்து ஒதுங்கின. அவர் பேரைச் சொல்லிப் பழிவாங்கியிருப்பார்கள் என்று பேசப்பட்டது. வாழ்நாள் முழுக்க அவர் எதற்காகக் கத்தினாரோ அதற்கு நேர் எதிரான காரியம் அது.

இப்போது என் கதை. ஆறு வருடம் முன்னால் ஒரு ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து நகரிலிருந்து போன். சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நல்ல பாம்பு. போனால் வாசலில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். அந்த அக்கா இரண்டு பிள்ளைகளையும் கட்டில் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். நான் வழக்கமாகச் செய்வது ரொம்பச் சாதாரண வேலை. ஒரு பிவிசி குழாய், அதன் ஒரு முனையில் துணிப்பை. குழாயின் வாயைப் பாம்புக்கு எதிரே சுவரோரமாக வைத்துவிட்டுக் கொக்கியால் லேசாகத் தள்ளிவிட்டால், இருட்டுப் பொந்து என்று நினைத்து அதுவே உள்ளே போய்விடும். பையைக் கட்டினால் முடிந்தது. அன்றைக்கும் பாதி உடம்பு உள்ளே போய்விட்டது. அப்போதுதான் ஜன்னலில் இருந்து ஒரு பையன், “அண்ணே, ஒரே ஒரு தடவ படம் எடுக்க வைங்கண்ணே, வீடியோ எடுத்துக்கிறேன்” என்றான். பின்னால் இன்னும் பத்து போன்.

வாலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

முற்றத்தில் கொண்டுவந்து விட்டதும் ஒரு முழம் எழும்பிப் படம் எடுத்து நின்றது. கூட்டம் கத்தியது. “இது உங்க வீட்டு எலியத் தேடி வந்தது, உங்களத் தேடி வரல” என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுச் சுவாரசியத்தில் கண் ஒரு நொடி போன் பக்கம் போனது. முழங்காலுக்குக் கீழே கல் பட்ட மாதிரி ஒரு தட்டு. குனிந்து பார்த்தால் ஜீன்ஸ் துணியில் அருகருகே இரண்டு ஈரப்புள்ளி, லேசான மஞ்சள் நிறம், கோந்து மாதிரிப் பிசுபிசுப்பு. துணி தடிமனாக இருந்ததால் தோலில் கீறல்கூட இல்லை. வீட்டுக்குப் போய் மனைவிக்குத் தெரியாமல் அந்த பேண்ட்டை நானே துவைத்தேன்.

தப்புதான், முழுக்க என் தப்பு. ஆனால் அடுத்து நடந்ததையும் கேளுங்கள். அந்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. அதுவரை மாதத்துக்கு இரண்டு மூன்று போன் வந்தால் பெரிது, அடித்துக் கொன்றுவிட்டுக் கூப்பிடுகிறவர்களே அதிகம். வீடியோவுக்குப் பிறகு வாரத்துக்கு ஐந்து ஆறு. “அடிக்கல, பாத்துக்கிட்டே நிக்கிறோம், வாங்க” என்றார்கள். ஒழுங்காகக் குழாயில் ஏற்றிய நூற்றுக்கணக்கான பாம்புகளைப் பற்றி ஒருத்தரும் பேசியதில்லை. எந்த ஒன்றில் நான் முட்டாள்தனம் செய்தேனோ, அதைப் பார்த்துத்தான் சனங்கள் கம்பைக் கீழே போட்டார்கள். இர்வின் தினம் தினம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான் என்று நினைக்கிறேன். யானைக் குட்டியையும் மானையும் யாரும் காப்பாற்றச் சொல்வார்கள். முதலைக்கும் பாம்புக்கும் யார் பேசுவார்கள்? அதன் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் மக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தள்ளி நின்றால் சேனலை மாற்றிவிடுகிறார்கள்.

இதை எழுதும்போது வேறொரு ஆத்திரமும் கூடவே வருகிறது. அந்த வருடமே ஒரு ஆயுள் காப்பீடு எடுக்கப் போனேன். படிவத்தில் ‘பாம்பு பிடிப்பது உண்டு’ என்று உண்மையை எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று ஏஜெண்ட் எனக்கே புத்தி சொன்னார். தினம் ராத்திரி குடித்துவிட்டு பைக் ஓட்டுகிற என் கடை வாடிக்கையாளர் ஒருவருக்கு அதே பாலிசி இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் ராத்திரி 2 மணிக்கு நான் வேண்டும். என் பிள்ளைகளுக்கு நாளைக்கு யார்? பெட்ரோல் காசைக்கூட விடுங்கள், அந்த ஒரு காகிதமாவது கிடைத்திருக்க வேண்டாமா? சரி, கேள்விக்கு வருகிறேன்.

கேமரா இல்லாமல் இதைவிடப் பெரிய வேலை செய்கிறவர்கள் எங்கள் பக்கமே இருக்கிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் பாம்புத்தோல் பிழைப்பை நிறுத்தியபோது பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர் பழங்குடியினர் நடுத்தெருவில் நின்றார்கள். 1978ல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் வந்தது. வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து, சில வாரம் வைத்திருந்து நஞ்சு எடுத்துவிட்டு, பிடித்த பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு அவர்கள் கையால் வந்தது. அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. அதற்கு முன் அவர்கள் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததும் ஒரு இருளர் பெரியவர்தான். வீடியோ வந்து ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். பேரன் போனில் ஏற்கெனவே பார்த்திருந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். கடி பட்டதா என்று கேட்கவில்லை.

“பாம்ப எப்ப வுட்ட தம்பி?” என்றார்.

“ராத்திரி பதினோரு மணிக்குங்க.”

“எட்டு மணிக்குப் புடிச்சத அதுவரைக்கும் பையில வச்சிக்கினு என்னா பண்ண?”

வார்டு கவுன்சிலரிலிருந்து டீக்கடைக்காரர் வரை ஒவ்வொருவராகப் பையோடு என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.