கரிகாலனுக்கு வக்காலத்து வாங்கும் தோழி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 31 வயது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர், ஐந்து வயதில் ஒரு மகன். வீட்டில் குறையொன்றும் இல்லை. நான் எழுதும் விஷயம் மற்றவர்களுக்கு அற்பமாகத் தெரியலாம். எனக்கோ ராத்திரித் தூக்கமே கெட்டுப் போயிருக்கிறது.

கல்லூரித் தோழிகள் நாங்கள் நான்கு பேர். 2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது, கல்கியின் நாவலை எல்லோரும் சேர்ந்து திரும்பப் படிக்கலாம் என்று ஆரம்பித்தோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் ஒருத்தி வீட்டு மாடியில் கூடுவோம். நான் மலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் இறங்கி வருவேன். தட்டுவடை செட் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை பேச்சுதான். அடுத்து என்ன நடக்கும் என்பது நால்வருக்கும் தெரியும். நாங்கள் பேசுவதெல்லாம் அவர்கள் மனசைப் பற்றி. குந்தவைக்கு நந்தினிமேல் ஏன் அவ்வளவு பொறாமை? பூங்குழலி கடைசியில் சேந்தன் அமுதனிடம் போய்ச் சேர்ந்தது சமாதானமா, காதலா? இப்படி ஒருவரை எடுத்தால் விடவே மாட்டோம்.

போன கூட்டத்தில், நந்தினியைக் காதலித்து இழந்த சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் முறை. எங்களில் ஒருத்தி, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பெண், அவனுக்காக வக்காலத்து வாங்கினாள். “நாடு, பட்டம் எதுவும் வேணாம்னு அவளையே நெனச்சுக்கிட்டுத் திரியறான். உசிரையே வெச்சிருக்கறவனுக்குக் கோபமும் வரத்தான செய்யும்” என்றாள். எனக்குத் தாங்கவில்லை. “நந்தினி கெஞ்சி அழறப்ப, அவ கண்ணு முன்னாடியே பாண்டிய ராஜா வீரபாண்டியன் தலைய வெட்டினவன் காதலனா? அப்புறம் உட்கார்ந்து அழுதா சரியாயிடுமா?” என்று கேட்டேன். அவள் முகம் செத்துப்போனது. “உனக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அதன் பிறகு போனை எடுப்பதில்லை.

அவளுக்கு நிச்சயமாகி, தையில் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல வேலையில் இருக்கிறார், ரொம்ப அக்கறையானவர். நாங்கள் கூடும்போதெல்லாம் வீடியோவில் அழைப்பார். அவள் எழுந்து நின்று, மாடியில் யார் யார் இருக்கிறோம் என்று போனைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவாள். நாங்கள் கையாட்டுவோம்.

மற்ற இருவரும், “கற்பனைக் கதைக்காக இப்படி ஒரு சண்டையா? ரெண்டு பேருக்கும் பைத்தியம்” என்கிறார்கள். என் கணவரும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாவலின் நாயகன் வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்த மணிமேகலை சாகும் கடைசி அத்தியாயத்தை நான் இதுவரை முழுசாகப் படித்ததில்லை. அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், மற்றவர்கள் பேசட்டும் என்று இருந்துவிடுவேன். கல்லூரியில் நானும் ஒருவருக்கும் அவர் விரும்பிய பெண்ணுக்கும் நடுவில் சேதி சுமந்தவள்தான். அது பழைய கதை.

கதை மனிதர்களுக்காக இவ்வளவு வேதனைப்படுவது ஏதாவது கோளாறா? தோழியை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?

— ஏற்காட்டு வாசகி

அன்புள்ள சகோதரி,

கோளாறு இல்லை. 1954-ல் அந்தத் தொடர் முடிந்தபோது, நந்தினி என்ன ஆனாள், கரிகாலனைக் கொன்றது யார் என்றெல்லாம் வாசகர்கள் கேட்டுக் கேட்டுத்தான் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டிவந்தது. மூன்றரை வருடம் வாராவாரம் கூட வாழ்ந்தவர்களை ‘முற்றும்’ போட்டவுடன் யாராலும் வழியனுப்பிவிட முடியாது. 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவர்களிடம் ரசிகர்களுக்கு உண்டாகும் ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அந்த நெருக்கம் நிஜ உறவுகளுக்குப் பக்கத்தில் நடக்கும் வரை இயல்பானது. உறவுகளை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் அது வந்து உட்காரும்போதுதான் கவலைப்பட வேண்டும். நீங்கள் மலை இறங்கி மனிதர்களைப் பார்க்கப் போகிறீர்கள். புத்தகம் உங்களைக் கூட்டித்தான் வைத்திருக்கிறது.

சரி, கரிகாலனுக்கு வருவோம். டோரதி டென்னவ் என்ற உளவியலாளர் 1979-ல் வெளியிட்ட நூலில், ஒருவர் நினைப்பு இன்னொருவர் மனசை அவர் அனுமதி இல்லாமலே ஆக்கிரமித்துக்கொள்ளும் நிலையை விவரித்தார். நம்பிக்கையும் சந்தேகமும் மாறி மாறி வரும்போதும், தடைகள் குறுக்கே நிற்கும்போதும் அது முறுகிக்கொண்டே போகும். பெரியவர்கள் பிரித்துவைத்த இளம்வயதுப் பழக்கம், அவள் இன்னொருவரின் மனைவி, கூப்பிட்டு ஓலை வேறு அனுப்புகிறாள் என்று கரிகாலனுக்கு அத்தனையும் இருக்கிறது. கடம்பூர் மாளிகைக்கு அவன் போவது சாவைத் தேடிப் போகிறவன் போக்குதான். அவன் வேதனை நிஜம் என்று உங்கள் தோழி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால், உங்கள் கேள்விதான் சரியான கேள்வி. ஒருவன் எவ்வளவு வேதனைப்படுகிறான் என்பதை வைத்து அவன் அன்பை அளக்கக் கூடாது. அவன் பக்கத்தில் இருக்கும் பெண் பயமில்லாமல் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் அவன் கை நிற்கிறதா என்று பாருங்கள். வீரபாண்டியன் ஒளிந்திருந்த குடிசையில் நந்தினி ‘வேண்டாம்’ என்றுதான் சொன்னாள். அவன் ஏன் அப்படி ஆனான் என்று புரிந்துகொள்ள ஐந்து பாகம் படிக்கலாம். புரிந்துகொண்டதாலேயே அவனைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. என்னிடம் வரும் எத்தனையோ பெண்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். அவனுடைய சின்ன வயசுக் கஷ்டம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தன் கஷ்டத்தைச் சொல்லச் சொன்னால் வார்த்தை வராது.

இப்போது அந்த வீடியோ அழைப்பு. நீங்கள் அதை அக்கறை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில் மனசு நின்றுவிட்டது. பேசுவதற்காகக் கூப்பிடுவது வேறு. எழுந்து நின்று, யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் நிரூபித்துவிட்டு உட்காருவது வேறு. ‘கோபமும் வரத்தான் செய்யும்’ என்று அவள் சொன்னது கதையில் நடந்த ஒரு கொலையைப் பற்றி மட்டும்தானா? ‘உனக்கு என்ன தெரியும்’ என்ற கேள்விக்குப் பின்னால் அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இருக்கலாம். சொந்த வாழ்க்கையில் சொல்ல முடியாததைக் கதையில் வருபவன் பேரில் சொல்வது நாம் எல்லோரும் செய்வதுதான். ஆலோசனை அறையில் நாங்களே சில சமயம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறோம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு காட்சியை வைத்து அந்தப் பையனுக்குத் தீர்ப்பு எழுத எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அவளிடம் போய் “உன் மாப்பிள்ளை கரிகாலன் மாதிரி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நிமிஷமே அவள் அவருக்கும் வக்கீலாகிவிடுவாள். கதையைத் தொடாமல் போங்கள். போனில் வேண்டாம், அவள் போனை வேறு யாரும் பார்க்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. செவ்வாய்ப்பேட்டைக்கே நேரில் போய், “அன்னைக்கு நீ எழுந்து போனதிலேர்ந்து உன் ஞாபகமாவே இருக்கு. நல்லா இருக்கியா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவள் “நல்லாத்தான் இருக்கேன்” என்றால் அதையும் ஏற்றுக்கொண்டு, அடுத்த மாதமும் போங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நம்பிப் பேச ஓர் ஆள் இருப்பது முக்கியம், கல்யாணத்துக்குப் பின்னால் அதைவிட முக்கியம். மிரட்டல், அடி, தோழிகளையும் பிறந்த வீட்டையும் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, இதில் எது பேச்சில் வந்தாலும் 181 என்ற பெண்கள் உதவி எண் உண்டு, எந்த நேரமும் கூப்பிடலாம். மனசு தாங்காமல் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416. இரண்டையும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் விஷயம். தோழியைப் பற்றி இத்தனை வரி எழுதிய நீங்கள், உங்களைப் பற்றிச் சொல்லவந்து ‘பழைய கதை’ என்று மூடிவிட்டீர்கள். வந்தியத்தேவனைக் காப்பாற்ற, கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள் மணிமேகலை. இன்னொருவர் காதலுக்குச் சேதி சுமந்த பெண்ணுக்கு அவளைப் படிக்க வலிக்காமல் எப்படி இருக்கும்? அந்த வலியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொல்காப்பியர் அன்பின் வகைகளை ஏழாகச் சொல்லும்போது ஒருதலைக் காமமான கைக்கிளையில்தான் தொடங்குகிறார். அப்படி ஒரு மனநிலைக்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்த மொழி நம்முடையது.

அது உங்கள் இன்றைய குடும்பத்துக்குச் செய்யும் துரோகமும் ஆகாது. அன்றைக்கு யாரும் கேட்காமல் விட்ட ஒரு துக்கம், அவ்வளவுதான். அந்த அத்தியாயத்தை, மகன் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். மாடியில் தோழிகளோடு வாய்விட்டுப் படியுங்கள். மணிமேகலையின் முறை வரும்போது, இந்தத் தடவை மற்றவர்களுக்கு முன்னால் நீங்கள் பேச ஆரம்பியுங்கள்.