வீசிங் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன், எக்ஸ்ரே நார்மல். நுரையீரல் நிபுணரைப் பார்க்க வேண்டுமா?

பார்த்துவிடுங்கள். இரண்டு வருடமாக மாடி ஏறினால் இளைக்கிறது என்கிறீர்கள், எங்கள் அம்மா கதையும் கிட்டத்தட்ட இதுதான். நான் டாக்டர் இல்லை, கூட அலைந்தவன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அறுபது தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஊரில் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் போனால் ஒரு ஊசி, நெபுலைசர், ஐந்து நாளுக்கு மாத்திரை. பத்து நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி. இப்படியே மூன்று வருடம் ஓடியது. ஒருமுறைகூட ஊதும் டெஸ்ட் எடுக்கச் சொல்லவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கும் தெரியாது.

கடைசியில் மதுரையில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே கேள்விகளாகக் கேட்டார்: எந்த அடுப்பில் சமைத்தீர்கள், எத்தனை வருடம், பஞ்சாலையில் வேலை பார்த்தீர்களா, வீட்டில் புறா வளர்க்கிறீர்களா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா. "எங்க வீட்ல ஆம்பளைங்களே பீடி தொட்டதில்ல டாக்டர்" என்றார் அம்மா பெருமையாக. ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து கேஸ் அடுப்பு வரும்வரை முப்பது வருடம், ஜன்னல் இல்லாத அடுப்படியில் விறகும் வரட்டியும்தான். நுரையீரல் கெட அந்தப் புகையே போதும் என்றார் டாக்டர்.

அப்புறம்தான் ஸ்பைரோமெட்ரி, அதாவது அந்த ஊதும் டெஸ்ட். மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுசாக இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊதி, ஆறு விநாடியாவது விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று கத்துவதில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து இரண்டு தடவை வீணாய்ப் போனது. மூன்று தடவையாவது ஒழுங்காக வர வேண்டும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை இன்ஹேலரில் பஃப்பாகக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, திரும்பவும் ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் வெளியே வரும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்து, பஃப் கொடுத்த பிறகும் அப்படியே நின்றால் பெரும்பாலும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நோய். பஃப்புக்குப் பிறகு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம் யோசிப்பார்கள், சிலருக்கு இரண்டும் கலந்தும் இருக்கும். அம்மாவுக்கு 58, பஃப்புக்குப் பிறகும் 60தான். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம், அதனால் உங்கள் நார்மல் எக்ஸ்ரேயை வைத்து நிம்மதி ஆகாதீர்கள். எல்லோருக்கும் சிடி ஸ்கேன் தேவைப்படாது. நுரையீரல் தழும்பாகி இறுகியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் எழுதுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, அது அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

பெரிய சண்டை இன்ஹேலருக்குத்தான். "பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்று பக்கத்து வீட்டு அத்தை முதல் ஆட்டோக்காரர் வரை சொன்னார்கள். சால்பூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம், ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் இருபது, நாற்பது மடங்கு மருந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, கை நடுக்கமும் படபடப்பும் அதில்தான் அதிகம். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா இறங்கி வந்தார். ஆனால் போடும் விதம் தப்பானால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். இன்ஹேலரில் மாட்டி இழுக்கும் குழாய் போன்ற ஸ்பேசரைக் கேட்டு வாங்குங்கள், இழுத்த பிறகு பத்து விநாடி மூச்சைப் பிடியுங்கள், ஸ்டீராய்டு கலந்த பஃப் என்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியலாம்.

சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை இருக்கிறது. 1928ல் டிபிக்காகத் தொடங்கியது என்பதால் பலர் இன்னும் ஒதுங்குகிறார்கள், ஆனால் ஆஸ்துமா, சிஓபிடி எல்லாமே பார்க்கிறார்கள்.

இன்னொன்று, டெஸ்டுக்குப் போகும் நாளில் காலை மாத்திரை, பஃப் போடலாமா என்று முன்னாடியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா போட்டுக்கொண்டு வந்துவிட்டதால் முதல் நாள் டெஸ்ட் எடுக்காமலே, நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.