கால் எடுத்த பிறகும் அந்தக் கால் வலிப்பது ஏன்?

கேள்வி: சர்க்கரையால் மாமனாருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இல்லாத கட்டைவிரல் எரிகிறது என்கிறார். மனப்பிரமையா?

பதில்: பிரமை கிடையாது, வலி நிஜம். நான் பிசியோதெரபிஸ்ட். கால் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் இப்படி ஏதாவது சொல்வார்கள். "தம்பி, சுண்டுவிரல் மடங்கிக் கிடக்கு, கொஞ்சம் நிமித்தி விடுங்க" என்று போர்வையைக் காட்டியவரும் உண்டு. அடியில் கட்டுப் போட்ட முட்டிதான் இருந்தது.

மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கென்று ஒரு வரைபடம் இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியாலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளின் மண்டையை மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத் திறந்து, மூளையில் மெல்லிய மின்சாரம் வைத்து, "எங்கே தெரியுது?" என்று கேட்டுக் கேட்டே அதை வரைந்தார். 1937இல் வெளியிட்டார். அதில் உதட்டுக்கும் விரலுக்கும் தாராளமான இடம், முதுகுக்குக் கொஞ்சூண்டு. கைக்குப் பக்கத்திலேயே முகம்.

நம்ம சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு சோதனை செய்தார்: கை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டார். இல்லாத விரலில் உணர்வு வந்தது! கையின் இடத்தை முகம் பிடித்துக்கொண்டது என்றார். நாங்களும் அப்படித்தான் படித்தோம்.

2025இல் கேம்பிரிட்ஜின் தாமர் மாக்கின் குழு இதை அசைத்துப் பார்த்தது. கை எடுப்பதற்கு முன்பும் பின்பும் 3 பேரை ஸ்கேன் செய்தார்கள். இல்லாத விரலை அசைக்கச் சொன்னபோது பழைய இடமே வேலை செய்தது. உதடு உள்ளே நுழையவில்லை. அதேசமயம், வயலின் மாதிரி தந்தி வாத்தியம் வாசிப்பவர்களுக்கு இடக்கை விரல்களின் பகுதி விரிந்திருப்பதை 1995லேயே காட்டியிருக்கிறார்கள். பழக்கம் வரைபடத்தைத் திருத்தும், இழப்பு அதைச் சுலபத்தில் அழித்துவிடாது, அதனால்தான் கால் போன பிறகும் மாமனாருக்கு அந்த விரல் தெரிகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

வலி குறைய ஒரு பயிற்சி: இரண்டு காலுக்கும் நடுவில் நீளக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி விரல்களை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. முதலில் டாக்டரிடம் தையல் போட்ட இடத்தைக் காட்டி, சீழோ நரம்பு முடிச்சோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நரம்பு வலிக்குத் தனி மாத்திரையும் உண்டு.

இன்னொன்று: ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிற நினைப்பிலேயே எழுந்து ஊன்றி விழுகிறவர்கள் நிறைய. கட்டில் பக்கத்தில் வாக்கரை வையுங்கள், ஒரு விடிவிளக்கு எரியட்டும்.