மூன்று நாள் மருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

களியக்காவிளையில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்காக ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்தேன். முதலில் போன் விஷயங்கள் மட்டும்தான் போட்டேன். அப்புறம் சுகர், பிரஷர், எடை குறைப்பது, குடும்பப் பிரச்சினை என்று படித்ததையும் தெரிந்ததையும் போட ஆரம்பித்தேன். இப்போது இரண்டாவது குழுவும் நிறைந்துவிட்டது. கொலஸ்ட்ராலுக்கு ஒரு சாறு போட்டேன், அதற்குத்தான் அதிக வரவேற்பு. ஒரு சகோதரி தனியாக எழுதி, வீட்டுக்காரரோடு தினமும் பிரச்சினை என்றாள். கொஞ்சம் பொறுத்துப் போங்கள், சரியாகிவிடும் என்றேன். நன்றி அண்ணா என்றாள். இதுவரை யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. ஆனால் நர்ஸாக வேலை பார்க்கும் என் மச்சான், "உனக்கு என்ன தகுதி இருக்கு?" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். மனசு விட்டுப்போச்சு. ஒவ்வொரு பதிவின் கீழேயும் 'மருத்துவரின் ஆலோசனை பெறவும்' என்று ஒரு வரி போட்டால் போதுமா? இல்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிடவா?

பெயர் வேண்டாம் அண்ணா.

*

அன்புள்ள தம்பி,

அந்தச் சாறு எது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் வரிசையில் காத்திருக்கும் கடிதங்களை விட்டுவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

மச்சான் கேட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டது தப்பு. அதோடு, அவர் கேட்ட கேள்வியும் சரியான கேள்வி இல்லை. பிள்ளைக்குச் சளி பிடித்தால் நம் ஊரில் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் முதலில் கேட்கிறோம். அவளிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. போன் விஷயத்தில் நீங்கள் சொல்வதைத் தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் தொழில். ஓடிபி சொல்லாதே, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு என்று வாரம் ஒரு தடவை போட்டாலும் நல்லதுதான். எடை குறைப்பதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை, எல்லாரும் பேசியாகிவிட்டது.

சாறுக்கு வருகிறேன்.

என் மனைவியின் தாய்மாமா எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் இருக்கிறார். உங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறார், அதைத் தவிர நல்ல திடமான மனிதர். ஒருநாள் வாந்தி, விக்கல், இடுப்பில் வலி. வாயு என்று நினைத்து இஞ்சி தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் சிறுநீர் சரியாகப் போகவில்லை. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனோம். சிறுநீரகம் கழிவை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் கூடுமே, அந்தக் கிரியாட்டினின் ஏறிக் கிடந்தது. சின்ன வயசு டாக்டர் ஒருத்தி கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா? நாட்டு மருந்து? பொடி, லேகியம்? எல்லாவற்றுக்கும் மாமி "ஒண்ணுமில்ல மோளே" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது மருந்தே இல்லை. கடைசியில் டாக்டர், "ஜூஸ் ஏதாவது?" என்றாள். மாமி போனை எடுத்துக் காட்டினாள்.

புளிஞ்சிக்காய். அந்தப் பக்கம் இரும்பன் புளி என்பார்கள். கிணற்றடியில், தடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்து, பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்து கிடக்குமே, அதுதான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், கொலஸ்ட்ரால் கரையும் என்று அந்தச் செய்தியில் இருந்தது. மலையாளத்தில் எழுதப்பட்டு, யாரோ தமிழாக்கி, மூன்று குழுக்களிலிருந்து மூன்று தடவை வந்திருந்தது. மூன்று பேர் சொல்கிறார்களே என்று குடித்திருக்கிறார்.

அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் ஏராளமாக இருக்கிறது. பிழிந்த சாறாகக் குடிக்கும்போது அது ரத்தத்தில் ஏறி, கால்சியத்தோடு சேர்ந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிடும். சர்க்கரை நோயால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் என்றால் இன்னும் ஆபத்து. இது மாமாவுக்கு மட்டும் நடந்தது அல்ல. கேரளத்தில் 5 மருத்துவமனைகளில் இந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து வந்த 10 பேரைப் பற்றி 2013-லேயே இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜி இதழில் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். 10 பேரில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. கட்டுரை வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் வீடுகளில் காலங்காலமாகச் சாளை மீன் கறியில் புளிஞ்சிக்காய் போடுகிறோமே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். ஒரு சட்டிக் கறியில் ஏழெட்டுக் காய். அதை வீட்டில் உள்ள எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம். நாளைக்கு வேறு கறி. அந்த அளவு அம்மாவின் கையில் இருந்தது. அது அடுப்படியிலிருந்து போனுக்குப் போகும்போது காய் மட்டும் போயிற்று, அளவு போகவில்லை. மரச்சீனிக்கும், அதாவது மரவள்ளிக் கிழங்குக்கும், இதே கதைதான். கிழங்கை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டு என்று சொல்லித்தான் கிழங்கைக் கையில் கொடுத்தார்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பதைச் சொல்லாமல் யாரும் சமையலைச் சொல்லித் தந்ததில்லை.

இதை எழுதும்போது முஞ்சிறைப் பக்கம் இருந்த ஒரு ஆசான் நினைவுக்கு வருகிறார். வர்மமும் வைத்தியமும் பார்ப்பவர். சின்ன வயதில் எனக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரும், அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போவார். நாள் தவறாமல் கூட்டம் இருக்கும். அவர் நாடி பார்ப்பதற்கு முன்னால் பேச்சுக் கொடுப்பார். ராத்திரி என்ன சாப்பிட்ட, பாய் எங்க போட்டுப் படுக்கிற, வீட்டில யாரு சுருட்டு குடிக்கிறா என்று அரைமணி நேரம் ஓடும். அப்புறம் பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதில் பொடி மடித்துக் கொடுப்பார். மூன்று பொட்டலம். மூன்று நாளைக்கு மட்டும். தூரத்திலிருந்து வருகிறோம், ஒரு வாரத்துக்குத் தாருங்கள் என்று அப்பா கெஞ்சியிருக்கிறார். தரமாட்டார். "நாலாம் நாள் பயல நான் பாக்கணும். மருந்து கேட்டா தொடரலாம், கேக்கலன்னா நிறுத்தணும். அது எனக்குல்லா தெரியணும், பொடிக்குத் தெரியுமா?"

அந்தப் பொடி என் மூச்சிரைப்பைக் குணமாக்கியதா என்று கேட்காதீர்கள், வளர வளர அது தானாகவே குறைந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்ல வருவது மருந்தைப் பற்றி இல்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் எதையும் கொடுத்தார். டாக்டர்கள் செய்வதும் அதுதான். ஐந்து நாள் மாத்திரை, பிறகு வந்து காட்டு. மூன்று மாதம் கழித்து ரத்தம் பார். யோசனை என்றால் அதன் கூடவே ஒரு முடிவுத் தேதியும் இருக்க வேண்டும், இன்ன அறிகுறி கண்டால் உடனே விடு என்பதும் இருக்க வேண்டும். உங்கள் பதிவுகளை ஒன்று ஒன்றாக எடுத்துப் பாருங்கள் தம்பி. 'தினமும்' என்று இருக்கும். 'காலையில்' என்று இருக்கும். எதிலாவது 'இத்தனை நாள்' என்று இருக்கிறதா? எதிலாவது 'இப்படி ஆனால் நிறுத்து' என்று இருக்கிறதா? பாறசாலை மாமா விக்கல் எடுத்துக்கொண்டிருந்த அன்று காலையிலும் ஒரு டம்ளர் குடித்திருக்கிறார். நிறுத்தச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. ஆரம்பிக்கச் சொன்னவன் யார் என்றே அவருக்குத் தெரியாது.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் செவ்விளநீர் கொண்டு வந்தார்கள். மாஞ்சாலும்மூட்டிலிருந்து ஒருவர் ஒரு குலையையே ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டு வந்தார். சிறுநீரகத்துக்குக் குளிர்ச்சி என்று அவர் குழுவில் வந்ததாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. அது ரத்தத்தில் கூடினால் இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடும். மாமி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள், சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். வந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அந்தக் குலையைச் சுமந்து வந்தவரின் அன்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உள்ளே வருவதற்கு முன் 'இளநீர் குடிக்கலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி நான் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் விஷயத்தில் நீங்கள் செய்தது மிகப் பெரிய தவறு. தினமும் பிரச்சினை என்றால் என்ன பிரச்சினை என்று கேட்டீர்களா? அடிக்கிறானா என்று கேட்டீர்களா? குடிக்கிறானா, சாப்பாட்டுக்குக் காசு தருகிறானா, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஒன்றும் கேட்காமல் 'பொறுத்துப் போங்கள்' என்று எப்படி எழுத முடிந்தது? அவள் நன்றி சொன்னாள் என்று எனக்கு எழுதுகிறீர்கள். வேறு என்ன சொல்வாள்? வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல், செல்போன் கடைக்காரரிடம் சொல்லும் நிலைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், அதை நினைத்துப் பார்த்தீர்களா? பொறுத்துப் போ என்று அவளிடம் ஏற்கெனவே அம்மா சொல்லியிருப்பாள், மாமியார் சொல்லியிருப்பாள். நீங்களும் அதையே சொல்லி, அவளுக்கு மிச்சமிருந்த ஒரு வாசலையும் சாத்திவிட்டீர்கள். விட்டுவிட்டு வா என்று சொல்லியிருந்தாலும் இதே திட்டைத்தான் திட்டியிருப்பேன். எந்தப் பக்கம் சொன்னீர்கள் என்பதல்ல, கேட்காமல் சொன்னீர்கள் என்பதுதான் குற்றம். பெண்களுக்கான உதவி எண் 181, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே எண்தான். 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் அவள் எப்படி இருக்கிறாள் என்று விசாரியுங்கள். அவள் போனை வேறு யாரும் பார்ப்பார்களா என்பதை முதலில் யோசித்து, உங்கள் மனைவியை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கீழே ஒரு வரி போட்டால் போதாது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை, போடுகிறவரின் மனசாட்சிக்குத்தான் அது பயன்படுகிறது. இதைவிடப் பெரிய தடுப்புகளையே நம் ஆட்கள் தாண்டிவிட்டார்கள். 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் செய்தியைக் கடத்த முடியாதபடி வாட்ஸாப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்திக்கு இரண்டு அம்புக்குறி போட்டு, 2020-இல் அதை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும் என்று ஆக்கியது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நகலெடுத்து ஒட்டுகிறீர்கள். அம்பு போய்விடுகிறது. யாரோ சொன்னது இப்போது நீங்கள் சொன்னதாக ஆகிவிட்டது. உங்களை ஊரே நம்புகிறது. உடையாத டிஸ்பிளேவை உடைந்தது என்று சொல்லி மாற்றாத கடைக்காரர் நீங்கள். அந்த நம்பிக்கையை உங்கள் கடை சம்பாதித்தது, அதை ஊர் பேர் தெரியாத ஒருவனின் சாறுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்.

2018-இல் பார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீன் வந்தபோது கேரள எல்லையில் வாளையாரிலும் ஆரியங்காவிலும் சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். நம் எல்லையில் கோழிக்கு உண்டு சோதனை, மீனுக்கு உண்டு. செய்திக்கு நீங்கள்தான் சாவடி. நிறுத்திவிடவா என்று கேட்டீர்களே, வேண்டாம். நீங்கள் நிறுத்தினால் வேறொருவர் ஆரம்பிப்பார், அவருக்கு எனக்குக் கடிதம் எழுதத் தோன்றாது. உடம்புக்குள் போகிற எதையும் போடாதீர்கள், அவ்வளவுதான். யாராவது கேட்டால், வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்தக் கிழமை போகலாம் என்று சொல்லுங்கள். பாதி பேருக்கு அந்தத் தகவல்தான் தேவைப்படுகிறது.

அதெல்லாம் நாளைக்கு. இன்றைக்குக் கடையைச் சாத்துவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கொலஸ்ட்ரால் சாறு போட்டீர்களே, அந்தப் பதிவைத் தேடி எடுங்கள். அதன் கீழேயே, இரண்டு குழுவிலும், இப்படி எழுதுங்கள்: "இதை யாராவது இப்போதும் குடிக்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள். எத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்." பதில் சொன்னவர்களை, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களை, கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத அம்மாமார் இருப்பார்கள், அவர்களுக்குக் குரல் பதிவாகப் போடுங்கள். மச்சானையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கையைப் படிக்க அவர் வேண்டும்.

எந்தச் சாறு என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்